வாடகைப் பலகையின் மூன்றாவது வரி

1

எனக்குச் சம்பளம் கொடுத்து, அமெரிக்கர்களுக்கு அமெரிக்க வரலாறு சொல்லச் சொல்கிறார்கள். கொச்சியில், எங்கள் மட்டாஞ்சேரியில் இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு, அவர்களுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வேலையில் சேர்ந்த அன்று நானும் அதையேதான் கேட்டுக்கொண்டேன்.

இந்த மே மாதத்தோடு நான் கடல் தாண்டி இருபது வருஷம் ஆகிறது. கணவர் கம்ப்யூட்டர்காரர். நான் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் வத்தல் மிளகாய் மண்டி வைத்திருந்த திருநெல்வேலிக்காரரின் மகள். பெயர் முத்துலட்சுமி, அமெரிக்காவில் 'மூட்டு'. முதல் பல வருஷங்கள் ஒரு பல் டாக்டரின் முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுத்தேன். அவர் கடையைச் சாத்திக்கொண்டு வெயில் ஊருக்குப் போய்விட்டார். அப்போது மாசசூசெட்ஸில் நாங்கள் இருக்கும் இந்தப் பழைய மில் ஊரில், பஞ்சாலை மியூசியத்துக்கு வழிகாட்டி வேண்டும் என்று விளம்பரம் வந்தது. விண்ணப்பத்தைப் போட்டுவிட்டது என் மகள் ஆதிரா. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயசு. "நீ எப்படியும் நாள் முழுக்கப் பேசிக்கிட்டேதானே இருக்கே, காசுக்குப் பேசேன்" என்றாள்.

நான்கு வருஷமாகப் பேசுகிறேன். ஆற்றோரம் செங்கல்லில் கட்டிய ஐந்து மாடிக் கட்டடம். ஒரு தறியை மட்டும் ஓட்டிக் காட்டுவோம். வந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். "இது ஒன்றுதான். அந்தக் காலத்தில் ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கில் ஓடியது" என்பேன். காற்று உலர்ந்தால் நூல் அறுந்துவிடும் என்று கோடையிலும் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள். சத்தத்தில் ஒன்றும் கேட்காது; உதட்டைப் பார்த்தே பேசக் கற்றுக்கொண்டார்கள். எழ ஒரு மணி அடிக்கும், உள்ளே போக ஒரு மணி, சாப்பிட ஒரு மணி, படுக்க ஒரு மணி. பருத்தி தெற்கே அடிமைகள் பறித்தது. அதையும் சொல்வேன். அந்த இடத்தில் சிலர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

ஆட்கள் வந்த கதைதான் எனக்குப் பிடித்த பகுதி. முதலில் தறியில் நின்றது பக்கத்துக் கிராமத்து விவசாயிகளின் பெண்கள். கால்வாய் வெட்டியது ஐரிஷ்காரர்கள். வெட்டியதும் தண்ணீர் உள்ளே வரலாம், வெட்டியவன் உள்ளே வரக் கூடாது. ஊருக்கு வெளியே குடிசை போட்டுக் கிடந்தார்கள். கூலியைக் குறைத்ததில் சண்டை போட்டுக் கிராமத்துப் பெண்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் ஐரிஷ் பெண்களுக்குத் தறி கிடைத்தது. அடுத்து கனடாவிலிருந்து பிரெஞ்சு பேசுகிறவர்கள் ரயிலேறி வந்தார்கள். மில் சுவரில் ஒட்டும் அறிவிப்புகளை அவர்களுக்குப் படித்துச் சொன்னது பெரும்பாலும் அவர்கள் பிள்ளைகள்தான். அவர்களை ஐரிஷ்காரர்கள் திட்டினார்கள். அப்புறம் கிரேக்கர்கள் வந்தார்கள். அவர்களை எல்லோரும் சேர்ந்து திட்டினார்கள்.

சுற்று முடியும் இடத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பலகை இருக்கிறது. அந்தக் காலத்து விளம்பரங்களைப் பார்த்து மியூசியத்தில் செய்து வைத்தது. 'ஆள் தேவை. ஐரிஷ்காரர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.' அதன் முன் நின்று, "இப்படியும் எழுத ஒரு கை வந்ததே" என்று தலையை ஆட்டி ஒரு பெருமூச்சு விடுவேன். அது என் சொந்தச் சரக்கு. மியூசியம் கொடுத்த குறிப்பில் கிடையாது.

இந்தக் கதையெல்லாம் குடியுரிமை நேர்காணலிலும் கை கொடுத்தது. ஆயிரத்தெண்ணூறுகளில் அமெரிக்கா நடத்திய போர் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. நான் உள்நாட்டுப் போரில் தொடங்கி, பருத்தி, தறி, கால்வாய் என்று போய்க்கொண்டிருந்தேன். அவர் கையை உயர்த்தி, "மேடம், பெயர் மட்டும் போதும்" என்றார்.

மியூசியத்துக்கு வந்து போகிறவர்கள் இணையத்தில் கருத்து எழுதுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் தோசை. நான் அடுப்படியில் நிற்பேன். ஆதிரா சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து அந்த வாரத்துக் கருத்துகளைப் போனில் பார்த்து எனக்குப் படித்துச் சொல்வாள். என் கையில் மாவு, மூக்கில் கண்ணாடி கிடையாது. ஆகவே அது அவள் வேலை. நான்கு வருஷத்தில் ஒரு குறை வந்ததில்லை. 'உற்சாகமான வழிகாட்டி', 'மறக்க முடியாத ஒரு மணி நேரம்'. எல்லாம் அஞ்சு ஸ்டார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

2

மேயில் தனியாக ஊருக்குப் போனேன். ஆதிராவுக்குப் பரீட்சை, அப்பாவும் மகளும் இங்கேயே இருந்தார்கள். போன காரியம் வீடு. என் அப்பா காலமான பிறகு மட்டாஞ்சேரி வீடு என் பேரிலும் தம்பி சங்கரலிங்கம் பேரிலும் இருக்கிறது. கீழே தம்பி குடும்பம். மாடியில் குடியிருந்த வங்கிக்காரருக்கு மாற்றலாகிவிட்டது. புது ஒப்பந்தம் போட இரண்டு கையெழுத்து வேண்டும். இதற்காக அமெரிக்காவில் ஒரு பத்திரம், அதன் மேல் ஒரு முத்திரை, அந்த முத்திரை நிஜம்தான் என்று இன்னொரு முத்திரை என்று மூன்று மாதம் அலைந்து பார்த்தேன். கடைசியில் கையையே எடுத்துக்கொண்டு போவது சுலபம் என்று டிக்கெட் போட்டேன்.

மட்டாஞ்சேரி ஜோராக இருக்கிறது. தண்ணீர் மெட்ரோப் படகு ஏ.சி. போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. யூதர் தெருவான ஜூ டவுனில் எங்கள் மண்டியில் கிடந்த மாதிரியான தராசைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள், தொடக் கூடாதாம். பஜாரில் மூட்டை தூக்குகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அசாம், ஒடிசா, வங்காளம். போன் ரீசார்ஜ் கடைப் பலகையில் வங்காளி எழுத்து. நான் ஒரு சுமைக்காரரிடம் மலையாளத்தில் வழி விடச் சொன்னேன். அவர் ஹிந்தியில் மன்னிப்புக் கேட்டார். நான் பழக்கதோஷத்தில் இங்கிலீஷில் பரவாயில்லை என்றேன். மூன்று பாஷைக்கும் நடுவே என் சின்ன வயசுத் தெரு சும்மா நின்றுகொண்டிருந்தது.

தம்பிதான் இப்போது மண்டியைப் பார்க்கிறான். வாய் நீளம், மனசு அவ்வளவு நீளமில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாய்தான் முதலில் வரும். வீட்டை யாருக்குக் கொடுப்பது என்பதில் அவனுக்குத் தெளிவான கொள்கை இருந்தது.

"தமிழ்க்காரனுக்குக் குடுக்கவே கூடாது அக்கா. ஒரு மாசத்துல சித்தப்பா முறை கண்டுபிடிச்சிருவான், அப்புறம் வாடகை எப்படிக் கேக்க? பங்காளிக்குக் குடுத்தா ஃபேமிலின்னு சொல்லி பத்து பேர் வருவான். மலையாளின்னா கணக்கா எக்ரிமெண்ட் போடுவான், கணக்கா ஒழிஞ்சும் தருவான்."

கொச்சியில் வடக்கேயிருந்து வேலைக்கு வந்த எல்லோருக்கும், அசாமியானாலும் ஒடியாவானாலும், 'பங்காளி', அதாவது வங்காளி, என்றுதான் பெயர். தமிழில் பங்காளி என்றால் சொத்தில் பங்கு கேட்கிறவன். தம்பி சொல்லும்போது இரண்டு அர்த்தத்துக்கும் ஒரே முகச்சுளிப்புதான்.

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அவன் நீட்டிய பலகையை வாங்கினேன். ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் மலையாளக் கையெழுத்துக்கு மூன்று வருஷம் பரிசு வாங்கியவள் நான். அந்தப் பெருமை இன்னும் போகவில்லை. கறுப்புப் பெயிண்டைத் தொட்டு, ஒரு எழுத்துகூடச் சாயாமல், மலையாளத்தில் மூன்று வரி எழுதினேன்.

வீடு வாடகைக்கு.
குடும்பங்களுக்கு மட்டும்.
மலையாளிகளுக்கு மட்டும்.

காயட்டும் என்று வெயிலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். மூன்றாவது வரிதான் ரொம்ப அழகாக விழுந்திருந்தது. சத்தியமாக வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

3

மறுநாள் காலை கேட்டில் பலகையைக் கம்பி போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மனிதரும் ஒரு பெண்ணும் வந்து நின்றார்கள். அவரைப் பார்த்திருக்கிறேன்; எங்கள் மண்டிக்கும் மூட்டை இறக்குகிற பிபுல். அசாம்காரர். பதினோரு வருஷமாக இங்கே. கூட வந்தது அவர் மகள் ஜோனாலி. பதினைந்து வயசிருக்கும், இரட்டைப் பின்னல்.

அவர்கள் விஷயத்தைத் தம்பி முந்தின நாளே சொல்லியிருந்தான், ஊர்ச் செய்தி சொல்வது போல. பிபுல் குடும்பம் ஒரு பழைய கிட்டங்கியின் பின்கட்டில் இருக்கிறது. அந்த இடத்தை விலைக்கு வாங்கியவர் சுற்றுலாக்காரர்களுக்கு ஹோம்ஸ்டே கட்டப் போகிறார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். வேறு வீடு யாரும் தரவில்லை. கிடைப்பதெல்லாம் எட்டு ஆம்பளைகள் படுக்கும் அறைதான். பிபுல் அதில் போய்ப் படுத்துக்கொள்வார். இறால் உரிக்கப் போகும் மனைவியும் இந்தப் பெண்ணும் அசாமுக்கு ரயிலேற வேண்டியதுதான். அவள் ஜூனில் பத்தாம் வகுப்பு போக வேண்டியவள். ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கே சர்க்கார் பள்ளியில் மலையாளத்தில் படித்தவள். அசாமிய எழுத்து கூட்டிக் கூட்டித்தான் படிப்பாளாம். அங்கே போனால் பத்தாம் வகுப்பு எழுதுவது நடக்காது. "நல்ல மனுஷன் அக்கா, ஒரு மூட்டை குறைஞ்சதில்ல. அதுக்காக வீடு குடுக்க முடியுமா?" என்று தம்பி முடித்திருந்தான். பாவம் என்று நானும் உச்சுக்கொட்டிவிட்டு இன்னொரு பழம்பொரி எடுத்துக்கொண்டேன்.

பிபுலுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. பலகையைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று மகளிடம் கேட்டார். அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"வீடு வாடகைக்கு. குடும்பங்களுக்கு மட்டும்."

அதோடு நிறுத்தினாள். அவள் கண் மூன்றாவது வரியில் ஓடியதை நான் பார்த்தேன். ஓடி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். தயவுசெய்து நீங்களும் படித்துவிடாதீர்கள் என்று கேட்கிற பார்வை.

பிபுலுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஃபேமிலி உண்டு சேச்சி" என்று மகளின் தோளில் கை வைத்துக் காட்டினார். "நாங்க மூணு பேர்தான்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? தம்பியிடம் கேட்டுவிட்டுச் சொல்லி அனுப்புகிறேன் என்றேன். இருபது வருஷத்தில் அமெரிக்காவில் நான் மிக நன்றாகக் கற்றுக்கொண்ட வாக்கியம் அது. எங்கள் முதல் வாடகை வீட்டைத் தேடியபோது, நீங்கள் மசாலா தாளிப்பீர்களா என்று கேட்டுவிட்டு ஒரு பெண்மணி இதே சிரிப்போடு இதே வாக்கியத்தைத்தான் சொன்னாள். அவள் இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

போகும்போது ஜோனாலி திரும்பி, எழுத்து நல்ல அழகாக இருக்கிறது சேச்சி என்று மலையாளத்தில் சொன்னாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

4

பலகையை அவிழ்த்தேனா என்றால் இல்லை. கேட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். எனக்கு வேறொரு படிப்பு ஞாபகம் வந்துவிட்டது.

அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். நான் மலையாளப் பள்ளிக்கூடம். கரண்ட் பில்லோ கார்ப்பரேஷன் நோட்டீஸோ எது வந்தாலும், "ஏட்டி முத்து, என்னட்டி எழுதியிருக்கு?" என்று என்னிடம்தான் நீட்டுவார். பதினொரு வயசில் நான் எங்கள் மண்டியின் வெளியுறவுத்துறை அமைச்சர்.

ஒரு நாள் காலை பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அப்பாவோடு கடை திறக்கப் போனேன். ஷட்டரில் கரியால் மலையாளத்தில் பெரிசாக எழுதியிருந்தது: பாண்டி, ஊருக்குப் போ. தமிழர்களைக் கேலி செய்ய அப்போது எல்லோரும் சொன்ன பெயர் பாண்டி. வாயால் சொன்னால் அப்பா பதிலுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அது பழகிப்போன விஷயம். ஆனால் இது எங்கள் ஷட்டரில், ராத்திரியெல்லாம் தெரு பார்க்க இருந்திருக்கிறது. அப்பா கேட்டார், என்னட்டி எழுதியிருக்கு என்று.

"நாளைக்குக் கடை லீவான்னு யாரோ கேட்டு எழுதியிருக்காங்கப்பா."

அப்பா கடகடவென்று சிரித்தார். "லீவு விட்டா நமக்குச் சோறு யாரு போடுவா?" என்று சொல்லிக்கொண்டே ஷட்டரைத் தூக்கினார். எழுத்து சுருண்டு மேலே போய்விட்டது. மறுநாள் பார்த்தால் ஷட்டர் சுத்தமாக இருந்தது. மழை கழுவிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவை ஏமாற்றிவிட்டோம் என்ற துக்கமும், காப்பாற்றிவிட்டோம் என்ற கர்வமும் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட.

அந்த ஜோனாலி என்னைப் பார்த்த பார்வை எனக்கு எப்படிப் புரியாமல் போகும்? அது என் பார்வைதான். கரியை எடுத்தவனாக இந்தத் தடவை நான் நிற்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

5

சாயங்காலம் மண்டிக்குப் போனேன். போகிற வழியில் எதிர்ச் சாயாக்கடை வர்க்கீஸ் சேட்டன் தம்பியை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். பலகையைப் பார்த்துவிட்டாராம். "சங்கரா, மலையாளிக்கு மட்டும்னா நீ எப்போ வீடு ஒழியறே?" என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான், ஆனால் காது சிவந்திருந்தது.

மிளகாய் நெடியில் இரண்டு தும்மல் போட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தேன். பிபுலுக்கு மாடியைக் கொடுத்துவிடுவோம் என்றேன். நான் எதிர்பார்த்தபடியே அவன் குதித்தான். அக்கம்பக்கம் என்ன சொல்லும், நீ அடுத்த வாரம் விமானம் ஏறிவிடுவாய், இங்கே இருந்து பார்க்கிறவன் நான் என்றான். அதிலும் நியாயம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நல்ல மனசு வைப்பது சுலபம். ரிட்டர்ன் டிக்கெட் கையில் இருக்கிறது.

அதனால் நான் வாதம் பண்ணவில்லை. அந்தப் பெண் மூன்றாவது வரியை விட்டுப் படித்ததைச் சொன்னேன். பிறகு, முப்பத்தைந்து வருஷமாக வாயைத் திறக்காத அந்த ஷட்டர் கதையையும் சொன்னேன். தம்பிக்கு அப்போது ஆறு வயசு. அவனுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்தேன்.

தம்பி ஒரு வத்தலை எடுத்துக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தான்.

"அப்பாவுக்குத் தெரியும் அக்கா."

எனக்குப் புரியவில்லை.

"நீ ஸ்கூலுக்குப் போனதும் அப்பா இங்க சாயாக்கடைல கேட்டாரு. இந்த வர்க்கீஸ் சேட்டனோட அப்பன்தான் படிச்சுச் சொன்னாரு. அடுத்த நாள் விடியறதுக்குள்ள என்னையும் கூட்டிட்டு வந்து, தேங்கா நாரு போட்டு ஷட்டரைத் தேய்ச்சாரு. நான்தான் வாளில தண்ணி ஊத்தினேன். 'அக்காகிட்ட சொல்லிராதல. எனக்காகப் பொய் சொல்லியிருக்கு பிள்ளை'ன்னாரு."

நான் மிளகாய் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். மிளகாய் மண்டியில் அழுவதில் ஒரு வசதி, யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். தம்பியும் மூக்கை உறிஞ்சினான். அதற்கும் மிளகாய்தான் காரணம் என்று வைத்துக்கொண்டோம்.

அப்புறம் அவன் எழுந்து, "பத்து பேர் வந்தா நீதான் அமெரிக்காவுலேர்ந்து வந்து விரட்டணும்" என்றான். போனை எடுத்து பிபுலைக் கூப்பிட்டது அவன்தான், நான் இல்லை. பலகையை அவிழ்த்ததும் அவன்தான். அவ்வளவு வாய் பேசுகிறவன், அந்தப் பலகையைத் தூக்கிப் போடுவதற்கு முன் மூன்றாவது வரியை மட்டும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தான். யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும் துடைத்தான்.

6

ஒப்பந்தம் எழுதுவது ஒரு தனிக் கூத்து. வெளிமாநிலத்துக்காரர் குடிவந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு தாளை நிரப்பிக் கொடுக்க வேண்டும். தம்பி, நான், பிபுல், ஜோனாலி நான்கு பேரும் போனோம். தாளை நிரப்பியது ஜோனாலி. என் கையெழுத்தைவிட அவள் கையெழுத்து நன்றாக இருந்தது என்பதை வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன்.

வாடகைக்கு வருகிறவரின் சொந்த ஊர் என்று ஒரு கட்டம். நிரப்பியாயிற்று. வீட்டுக்காரரின் சொந்த ஊர் என்று இன்னொரு கட்டம். தம்பி மட்டாஞ்சேரி என்றான். போலீஸ்காரர் பெயரைப் பார்த்தார்: சங்கரலிங்கம். தலையைத் தூக்கி, "அல்ல, சரிக்கும் எவிடெயா?" என்றார். அதாவது, நிஜமான ஊர் எது என்று. பிறந்து, படித்து, கல்யாணம் பண்ணி, வரி கட்டி, இரண்டு பிள்ளைகளை மலையாளத்தில் திட்டி வளர்க்கிற என் தம்பி பிபுலைப் பார்த்தான். இருவரும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குள் நான் தேவைப்படவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று நல்ல மழை. ஜோனாலி குடையோடு படியிறங்கிப் போனதைத் தம்பி வீடியோ எடுத்து அனுப்பினான். பின்னணியில் அவன் குரல் மட்டும்: ஓரமாப் போ மோளே, பஸ் வருது.

7

அந்த வீடியோ வந்தபோது நான் நெடும்பாசேரி ஏர்போர்ட்டில் விமானத்துக்குக் காத்திருந்தேன். விமானம் தாமதம், கையில் வேலை இல்லை, மூக்கில் கண்ணாடி இருந்தது. ஏதோ உறுத்தியது. எங்கள் மியூசியத்துக்கு வந்த கருத்துகளை முதல்முறையாக நானே திறந்து படித்தேன்.

அஞ்சு ஸ்டார் நிறைய இருந்தது, பொய்யில்லை. நடுநடுவே வேறும் இருந்தது. 'வழிகாட்டி சொல்வது பாதி புரியவில்லை.' 'சுறுசுறுப்பான பெண்மணி. ஆனால் அமெரிக்க வரலாற்றை ஓர் அமெரிக்கர் சொல்லியிருக்கலாம்.' இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. அந்தச் சனிக்கிழமை எனக்கு ஞாபகம் இருந்தது. குடியுரிமைப் பிரமாணம் எடுத்த வாரம், தோசையோடு கேசரியும் கிண்டினேன். ஆதிரா அன்றைக்கு மேடையில் உட்கார்ந்து ஆறு கருத்து படித்தாள். எல்லாமே பாராட்டு. அவளுக்கு அப்போது பதினான்கு வயசு.

வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய். எழுதினவன்மேல் கோபம் வந்தது, உடனே வடிந்தும் போனது. நானே ஈரம் காயாத பெயிண்ட்காரி. ஆனால் அந்தப் பெண், என் பெண், தமிழில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசச் சொன்னால் தோளைக் குலுக்குகிறவள், எங்களைவிட்டு விலகிப் போகிறாள் என்று நான் கணவரிடம் வாரா வாரம் புலம்புகிற பெண், நான்கு வருஷமாக எனக்கு முன்னால் போய் முள் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளை அமெரிக்கப் பிள்ளை, எதுவும் ஒட்டாது என்று நினைத்ததற்கு எனக்கு நானே குட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

மியூசியத்தில் இப்போது கண்ணாடிப் பெட்டி முன்னால் பெருமூச்சு விடுவதை நிறுத்திவிட்டேன். இதை எழுதினவர்களில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள் என்று மட்டும் சொல்கிறேன். மில் அறிவிப்பைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டிய பிள்ளைகள் கதைக்கு வரும்போது, அவர்கள் எந்த வரியை விட்டுவிட்டுப் படித்தார்கள் என்பது எந்த ரிக்கார்டிலும் இல்லை என்கிறேன். கூட்டத்தில் யாராவது ஒருவர் அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொள்கிறார். இதுவரை ஒவ்வொரு சுற்றிலும் ஒருவராவது.

சனிக்கிழமை வந்தது. கல்லில் தோசை ஊற்றினேன். மேடையில் ஏறி உட்கார்ந்து ஆதிரா போனைத் திறந்தாள். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடித்ததாம். தறி ஓடும்போது மயிர்க்கூச்செறிந்ததாம். படித்துக்கொண்டே வந்தவள் ஒரு மூச்சு நின்றாள். கட்டைவிரல் மேலே தள்ளியது. அடுத்ததைப் படித்தாள். அந்த ஒரு மூச்சு நான்கு வருஷமாகவே இருந்திருக்க வேண்டும். தோசைச் சத்தத்தில் எனக்குக் கேட்டதில்லை.

"அவ்வளவுதானாடி?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதாம்மா. எல்லாம் அஞ்சு ஸ்டார்."

"பின்னே? உங்கம்மான்னா சும்மாவா?" என்று கடகடவென்று சிரித்துவிட்டு, நல்லா முறுகின தோசையாகப் பார்த்து எடுத்து அவள் தட்டில் போட்டேன்.